ஓஎஸ் புரியவில்லையா? முதலில் இன்டரப்டையும் பேஜ் டேபிளையும் படியுங்கள்

கேட் தேர்வுக்குத் தயாரானபோது ஆபரேட்டிங் சிஸ்டத்தை (ஓஎஸ்) நேரே ஷெட்யூலிங்கில், அதாவது எந்தப் புரோகிராமுக்கு எப்போது சிபியூ என்று முடிவுசெய்யும் பகுதியில், ஆரம்பித்தேன். சிபியூவை முறைவைத்துப் பகிரும் ரவுண்ட் ராபின் கணக்கெல்லாம் சரியாகவே வந்தது, ஆனால் ஒரு கேள்வி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது: சிபியூ ஒன்றுதான், அதில் என் புரோகிராம் முடிவில்லாத லூப்பில் சுற்றுகிறது, அப்படியென்றால் ஷெட்யூலர் எப்படி ஓடும், அதற்கும் அதே சிபியூதானே வேண்டும்?

விடை கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சரில், இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறித்து சிபியூவைத் திருப்பும் சிக்னல்) பகுதியில் இருந்தது. டைமர் தட்டியதும் சிபியூவே புரோகிராம் கவுன்டரை (புரோகிராம் எந்த இடத்தில் ஓடுகிறது என்ற முகவரி) பத்திரப்படுத்தி, கர்னல் மோடுக்கு (ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கர்னல் முழு உரிமையோடு ஓடும் நிலை) மாறி, கர்னல் முன்பே பதிந்துவைத்த முகவரிக்குத் தாவிவிடும். புரோகிராமை யாரும் கேட்பதில்லை, டைமரை நிறுத்தும் உரிமையும் யூசர் மோடில் அதற்குக் கிடையாது. இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், எம்ஐடி மாணவர்களுக்காக எழுதப்பட்ட எக்ஸ்வி6 என்ற சிறிய ஓஎஸ்ஸின் ரிஸ்க்-ஃபைவ் (ஒரு சிபியூ வகை) பதிப்பைத் திறந்து, கான்டெக்ஸ்ட் சுவிட்ச் (ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு சிபியூவை மாற்றுவது) செய்யும் அசெம்பிளி கோப்பைப் பாருங்கள். 14 ரிஜிஸ்டர்களை (சிபியூவுக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) எழுதிவைக்கிறது, வேறு 14-ஐ ஏற்றுகிறது, ரிட்டர்ன் ஆகிறது, அவ்வளவுதான். அன்று இரவு அதை மூன்று முறை படித்தேன், அத்தனை சந்தோஷம்.

அடுத்தது பேஜிங்: மெமரியை ஒரே அளவு பேஜ்களாகப் பிரித்து, புரோகிராம் சொல்லும் முகவரி உண்மையில் மெமரியில் எங்கே என்று பேஜ் டேபிளில் பார்ப்பது. இதைப் படித்தால் போதாது, கையால் போட வேண்டும். 32 பிட் முகவரி, 4 கேபி பேஜ் என்றால் கடைசி 12 பிட் ஆஃப்செட், மீதி 20 பிட் பேஜ் எண். ஒரே டேபிளாக வைத்தால் 4 பைட் வீதம் ஒவ்வொரு புராசஸுக்கும் 4 எம்பி போய்விடும், அதனால்தான் 10, 10 என்று இரண்டு நிலையாகப் பிரிக்கிறார்கள். ஹெக்ஸில் 00403004 என்ற முகவரியை பைனரியாக எழுதிப் பிரித்துப் பாருங்கள்: முதல் டேபிளில் 1, இரண்டாவதில் 3, ஆஃப்செட் 4 என்று வரும்.

பைப்லைன் ஹசார்டு, பூத் அல்காரிதம் எல்லாம் தேர்வுக்கு வேண்டும், ஓஎஸ் புரிய இப்போதைக்கு வேண்டாம், அப்புறம் படிக்கலாம்.

டிஎல்பி (அண்மையில் பார்த்த பேஜ் டேபிள் விடைகளை வைத்திருக்கும் சிறிய வேகமான சேமிப்பு) கணக்கில் மட்டும் கவனம். டிஎல்பி 10 நானோசெகண்ட், மெமரி 100, ஹிட் (விடை டிஎல்பியிலேயே கிடைப்பது) 90 சதவீதம் என்றால் சராசரி மெமரி அணுகல் நேரம் ஒரு நிலை பேஜ் டேபிளுக்கு 120 வரும், இரண்டு நிலைக்கு 130. கேள்வியில் எத்தனை நிலை என்று பார்க்காமல் 120 என்று எழுதி ஒரு மாதிரித் தேர்வில் 2 மதிப்பெண் விட்டேன், அதனால் கணக்கைத் தொடும் முன் நிலை எண்ணை வட்டமிட்டுவிடுங்கள்.