என்னிடம் இல்லாத ஓட்டோவும் என் வருமான வரியும்

என் பெயரில் ஓர் ஓட்டோ இருக்கிறது என்பது 2025 மே மாதம்தான் எனக்குத் தெரிய வந்தது. வீடு திருத்தக் கடன் கேட்டபோது, கடைசி வருட வருமான வரி விவரத்திரட்டின் பிரதியை வங்கியில் கேட்டார்கள். ரிட்டர்ன் என்று நாங்கள் எல்லோரும் சொல்வது அதைத்தான். இரண்டு வருடமாக எனக்கு அதை நிரப்பித் தந்தவரிடம் போய் முழுப் பிரதியையும் வாங்கி வந்து, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் விரித்து வைத்து வாசித்தேன். சொத்து விபரப் பகுதியில் ஒரு முச்சக்கர வண்டி, பதிவிலக்கத்தோடு. நான் 2016 இல் வாங்கிய ஸ்கூட்டியை அங்கே காணவில்லை. யாரோ ஒருவருடைய விபரம் என் பக்கத்துக்கு வந்திருக்கிறது. முடிவில் என் பெயர். மேலே உள்ளவை எல்லாம் உண்மை, சரி என்று நான் உறுதி கூறுவதாக ஒரு வாசகம்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை விட, வாசிக்காமலே அந்த உறுதிமொழியைக் கொடுத்திருக்கிறேனே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

நான் கிளிநொச்சியில் ஓர் அரச சார்பற்ற நிறுவனத்தில் வேலை செய்கிறேன். 2023 ஜனவரியில் வரிவிலக்கு எல்லையை வருடத்துக்கு 12 இலட்சமாகக் குறைத்ததோடு என் சம்பளத்திலும் மாதாமாதம் வரி வெட்டத் தொடங்கினார்கள். அதோடு நிலையான வைப்பு வட்டியும் மாங்குளத்தில் ஒரு சின்னக் கடையின் வாடகையும் வருவதால் ரிட்டர்ன் போட வேண்டும் என்றார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேலையிடத்தில் ஒரு அக்கா காட்டிவிட்ட ஆளிடம் ஒரு சொப்பிங் பை நிறையக் கடதாசிகளைக் கொடுத்தேன். 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, கிடைத்தது என்று ஒரு தாளைத் தந்தார். அடுத்த வருடமும் அப்படியே.

இந்த முறை நானே செய்யப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "அவர் படிச்ச மனுசன். நீ ஏன் பிள்ளை உதுக்குள்ள தலையை விடுறாய்?" என்றா. ஓட்டோக் கதையைச் சொன்னதும் ஒன்றும் பேசவில்லை.

முதல் தடை கணக்குப் போடுவதில் வரவில்லை. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையச் சேவைக்குள், ராமிஸ் என்று சொல்வார்களே, அதற்குள் போக டின் என்ற என் வரி அடையாள இலக்கம் இருந்தது. கடவு இலக்கம் அவரிடம் இருந்தது. புதிதாக எடுக்கலாம் என்று பார்த்தால், என் பதிவில் இருந்த தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் அவருடையவை. உறுதிப்படுத்தும் குறியீடு அவருக்குத்தான் போகும். அவரிடம் கேட்டேன்; பார்ப்போம் என்றார், பிறகு போனை எடுக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் லீவு போட்டு, டிப்போச் சந்தியில் பஸ் ஏறி, ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணத்துப் பிராந்திய அலுவலகத்துக்குப் போனேன். அடையாள அட்டைப் பிரதியும் ஒரு கடிதமும் கொடுத்து விபரத்தை மாற்றக் கேட்டேன். அங்கிருந்த ஐயா என் போன் எண்ணை இரண்டு தரம் வாசித்துச் சரிபார்த்துவிட்டு, "இனி உங்கட நம்பரை ஒருத்தருக்கும் மாத்திக் குடுக்காதேங்கோ மிஸ்" என்றார். இதை வாசிப்பவர்கள் யாரிடமாவது வேலையைக் கொடுத்திருந்தால், ரிட்டர்னைப் பற்றி யோசிக்க முதல் உங்கள் டின் பதிவில் யாருடைய எண் இருக்கிறது என்று பாருங்கள். திறப்பு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

பிறகு கடதாசிகள். வரி வருடம் ஏப்ரல் 1 இலிருந்து அடுத்த மார்ச் 31 வரை. நான் செய்தது 2024/25 க்கு. வேலையிடத்திலிருந்து டி.10 என்ற சான்றிதழ் வேண்டும். வருட மொத்தச் சம்பளமும் அதில் வெட்டிய வரியும் அதில் இருக்கும். வங்கியிலிருந்து வட்டிக்கும் அதில் பிடித்த வரிக்குமான சான்றிதழ். வாடகைக்கு என் பற்றுச்சீட்டுப் புத்தகம். மார்ச் 31 ஆம் திகதிய வங்கி மீதி. இவ்வளவையும் ஒரு எக்செல் தாளில் மாதவாரியாக அடித்தேன். இணையப் படிவத்தில் கைவைத்தது அதற்குப் பிறகுதான். இந்த ஒழுங்கு முக்கியம். திரைக்கு முன்னால் இருந்துகொண்டு கடதாசி தேடப் போனால் பிழைதான் வரும். ஒருநாள் சேமிக்காமல் எழுந்துபோய் ஒரு பக்கம் முழுவதையும் திரும்ப அடித்தேன்.

சம்பளத்தில் நான் முதலில் விட்ட பிழையைச் சொல்கிறேன். என் மாதச் சம்பளம் 185,000. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 14,800, வரிக்கு 7,800 வெட்டி, கணக்குக்கு வருவது 162,400. வங்கிப் புத்தகத்தைப் பார்த்துப் பழகிய கைக்கு அந்த 162,400 தான் சம்பளம். அதைப் பன்னிரண்டால் பெருக்கி எழுதிவிட்டேன். டி.10 இல் இருந்தது 2,220,000. எங்கள் பங்கு சேமலாப நிதியை வருமானத்திலிருந்து கழிக்க முடியாது. வெட்டிய வரியும் முதலில் வருமானம், பிறகுதான் வரவு, அதாவது ஏற்கனவே கட்டிய வரியாகக் கழிபடும். வட்டியிலும் அதே பிழை. 15 இலட்சம் வைப்புக்கு வருட வட்டி 120,000. வங்கி 5 வீதம் பிடித்துக்கொண்டு 114,000 ஐக் கணக்கில் போட்டது. எழுத வேண்டியது 120,000. பிடித்த 6,000 ஐ வேறாக, வரவுப் பக்கத்தில் காட்ட வேண்டும். கைக்கு வராத காசை வருமானம் என்று எழுத மனம் ஒப்பாது. ஆனால் அப்படி எழுதினால்தான் ஏற்கனவே கட்டிய வரி உங்கள் பெயரில் வரவாகும்.

வாடகைதான் என்னைக் கலங்க வைத்தது. மாதம் 20,000, வருடம் 240,000. இறைவரித் திணைக்களத்தின் வழிகாட்டிக் குறிப்பை வாசித்துக்கொண்டு போகையில், கட்டட வாடகைக்கு அதன் 25 வீதம் திருத்த வேலைகளுக்கும் தேய்மானத்துக்குமாக நிவாரணம் உண்டு என்று கண்டேன். பில் காட்டத் தேவையில்லை. நம்பமுடியாமல் திணைக்களத்தின் 1944 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டேன், ஆம் என்றார்கள். பழைய ரிட்டர்னை எடுத்துப் பார்த்தேன். 240,000 ம் முழுதாக வரிக்குள் போயிருந்தது. 60,000 ரூபாய் நிவாரணம் எடுபடவில்லை. வருமானம் கூடக் கூட வரி வீதமும் படிப்படியாக ஏறும்; எனக்கு அது 18 வீதப் படியில் விழும் காசு. 10,800 ரூபாய் கூடக் கட்டியிருக்கிறேன், அதற்கு மேல் கூலியாக 15,000. கடையின் கூரைத் தகரம் மாற்றக் காசில்லாமல் இருந்த வருடம் அது. அந்த ஆண்டைத் திருத்தித் தரும்படி எழுதிக் கேட்டிருக்கிறேன்.

இனி, சொத்துப் பக்கம். என்னை அதிக நேரம் இருத்தி வைத்தது அதுதான். வன்னியில் இருக்கிற எங்களுக்கு அந்தப் பக்கம் மற்ற ஊர்க்காரருக்குப் போல இலேசாக இருக்காது என்று நினைக்கிறேன்.

காணி, எப்போது வாங்கியது, என்ன விலைக்கு, காசு எங்கிருந்து வந்தது. வாகனம். வங்கி மீதி. கையிருப்புக் காசு. நகை. கடன். நாங்கள் இருக்கும் வளவு அம்மாவின் பெயரில் அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த காணி; வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 550,000 ரூபாயோடு எங்கள் உழைப்பும் சேர்ந்து எழும்பியது. அதுவும் அம்மாவினுடையது. பழைய ரிட்டர்னில் அது எனக்கு முதுசமாக வந்ததென்று எழுதப்பட்டிருந்தது. அம்மா உயிரோடு முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருக்கிறா. அந்த வரியை எடுத்துவிட்டேன்.

மாங்குளத்துக் காணி 2014 இல் வாங்கியது; உறுதி இருக்கிறது. கடை கட்டிய காசில் பெரும்பங்கு கனடாவில் இருக்கும் அண்ணா அனுப்பியது. வங்கியில் போய்ப் பழைய கூற்றுகளை எடுத்து, எந்தத் திகதியில் எவ்வளவு வந்தது என்று எக்செலில் தனித்தாள் வைத்தேன். வெளிநாட்டிலிருந்து உறவுகள் அனுப்பும் காசில்தான் எங்கள் பக்கத்தில் பாதிக் கட்டடம் எழும்பியிருக்கிறது. அது எனக்கு உழைப்பு வருமானம் இல்லை, அன்பளிப்பு. ஆனால் நாளைக்கு யாராவது இந்தச் சம்பளத்தில் எப்படிக் கடை கட்டினாய் என்று கேட்டால், அந்தத் தாள்தான் பதில். அனுப்புகிற அண்ணன் அக்காமாரிடம் கையில் கொடுத்துவிடச் சொல்லாமல் வங்கியால் அனுப்பச் சொல்லுங்கள்.

நகைக் கட்டத்துக்கு வந்தபோது அம்மாவைக் கூப்பிட்டேன். முன்னைய ரிட்டர்னில் அங்கே பூச்சியம். என்னிடம் பற்றுச்சீட்டோடு வாங்கிய இரண்டு பவுண் காப்பு இருக்கிறது. மற்றது ஒரு சங்கிலி. 2009 இல் அம்மா அதைப் பாவாடைக் கரையில் வைத்துத் தைத்துக்கொண்டு நடந்தவ. காப்புகள் அரிசிக்கும் பால்மாவுக்கும் போய்விட்டன. முகாமை விட்டு வெளியில் வந்தபோது எங்களிடம் மிஞ்சியிருந்த சொத்து அந்தச் சங்கிலி மட்டும்தான். எனக்கு வேலை கிடைத்த அன்று அதைக் கழற்றி என் கழுத்தில் போட்டா. கொளுக்கி தேய்ந்து, நூல் கட்டி வைத்திருக்கிறோம். "இதுக்கு என்ன விலை போடுறது அம்மா?" என்று கேட்டேன். கையில் வாங்கி நிறுத்துப் பார்ப்பதுபோல் பிடித்துவிட்டு, "மூண்டு பவுண்" என்றா. நகைக்கடையில் நிறுத்தோம், மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. எப்படி வந்தது என்ற இடத்தில் தாயாரின் அன்பளிப்பு என்று எழுதினேன். ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள், பூச்சியத்தை அப்படியே விட்டிருக்கலாம். அம்மா காப்பாற்றிக் கொண்டுவந்ததை இல்லை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

கணக்கு முடிந்தபோது இப்படி வந்தது. மொத்த வருமானம் 2,580,000. தனிநபர் நிவாரணம் 1,200,000, வாடகை நிவாரணம் 60,000 கழித்தால் 1,320,000. முதல் ஐந்து இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த ஐந்துக்கு 12, மிச்ச 320,000 க்கு 18. எல்லாமாக 147,600. சம்பளத்தில் வெட்டிய 93,600 ஐயும் வட்டியில் பிடித்த 6,000 ஐயும் கழிக்க, கட்ட வேண்டியது 48,000. என் எக்செல் தாளில் வந்த தொகையும் படிவம் தானாகக் கூட்டிக் காட்டிய தொகையும் ஒன்று. அந்த இரண்டு இலக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பளத்தில் வெட்டுகிறார்களே, பிறகேன் மேலதிகமாக என்று இரண்டு வருடம் விளங்காமல் கட்டியது அன்றைக்குத்தான் விளங்கியது. வேலையிடம் சம்பளத்தை மட்டும் பார்த்து வெட்டுகிறது. வட்டியும் வாடகையும் அதன்மேல் ஏறி உட்காரும்போது 18 வீதப் படியில் விழுகின்றன. வங்கி பிடித்ததோ 5 வீதம்தான்.

செப்டெம்பர் 30 க்கு முதல் 48,000 ஐ வங்கி இணையச் சேவையால் கட்டினேன், ரிட்டர்னை ஒக்டோபரில் அனுப்பினேன். கடைசி நாள் நவம்பர் 30. அனுப்பியதற்கான அத்தாட்சியையும் முழுப் படிவத்தையும் இறக்கி, ஒரு கொப்பி பென்டிரைவில், ஒரு கொப்பி அச்சில். நான் அறியாமல் விட்ட இன்னொன்று, இந்த மேலதிக வரியை வருடக் கடைசி வரை வைத்திருக்கக் கூடாது என்பது. ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே ஆகிய மாதங்களின் 15 ஆம் திகதிக்குள் நான்கு தவணையாகக் கட்ட வேண்டும். பிந்தினால் வட்டி ஏறும். எனக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை.

நெல் ஆலை, வட்டிக்கடன், கையிருப்புச் சரக்கு, வற் எனப்படும் பெறுமதி சேர் வரி என்று ஓடுகிற தொழில்காரர் நான் செய்ததைப் பார்த்துத் தனியே இறங்கக் கூடாது. நல்ல கணக்காளர் அவர்களுக்கு வேண்டும். சம்பளம், வட்டி, வாடகை என்று நிற்கிறவர்களுக்கு நான்கைந்து பின்னேரங்கள் போதும்.

இதற்குப் பிறகு ஒழுங்கையில் இருக்கிற சிலர் என்னிடம் வரத் தொடங்கினார்கள். பதினெட்டு வயதுக்கு மேல் எல்லோரும் டின் எடுக்க வேண்டும் என்று 2024 இலிருந்து சொன்னதும், டின் எடுத்தால் வரி கட்ட வேணுமாம் என்ற பயம் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. டின் வெறும் இலக்கம். வருமானம் எல்லைக்கு மேல் போனால்தான் வரி. 2025 ஏப்ரலிலிருந்து அந்த எல்லை வருடத்துக்கு 18 இலட்சம். அதே ஏப்ரலிலிருந்து வைப்பு வட்டியில் பிடிக்கும் வரி 10 வீதமாகியிருக்கிறது. வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவர்கள் வங்கிக்கு ஒரு சுயபிரகடனம் கொடுத்தால் அதைப் பிடிக்கமாட்டார்கள். அம்மாவுக்கு டின் எடுத்து, அவவின் சின்ன வைப்புக்கு அந்தப் பிரகடனத்தை நிரப்பிக் கொடுத்தோம். கையெழுத்து வைக்க முதல் ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டச் சொன்னா.

என் கணக்கை 2025/26 க்கும் போட்டுப் பார்த்தேன். வருமானம் இப்படியே இருந்தால் மேலதிகமாகக் கட்ட வேண்டியது 6,000 தான், தவணைக்கு 1,500. இந்த நவம்பர்த் தவணையை நேற்றுக் கட்டினேன். அடுத்தது பெப்ரவரி 15. அடுப்படி நாட்காட்டியில் அம்மா வட்டம் போட்டு வைத்திருக்கிறா.