விவாதத்தை விட்டுவிட்டு ஆட்டத்தைப் பார்த்தது ஏன்

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் விவாதமும் பேஸ்பால் சாம்பியன்ஷிப் ஆட்டமும் ஒரே ராத்திரியில் வந்து மோதுவது புதிதில்லை, இரண்டுக்குமே அக்டோபர்தான் சீசன். 2000-ல் புஷ்ஷும் அல் கோரும் முதல் விவாதத்துக்கு மேடையேறிய அன்று நியூயார்க்கின் பேஸ்பால் அணியான யாங்கீஸின் ஆட்டமும் இருந்தது. எதைக் காட்டுவது என்பதை என்பிசி டிவி அந்தந்த ஊர் நிலையங்களிடமே விட்டுவிட்டது.

என்னைக் கேட்டால் ஆட்டம்தான். காரைக்குடிக்காரன் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பார்கள். விவாதம் எங்கள் ஊர்ச் சொத்து. சா. கணேசன் 1939-ல் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழாக்களில் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவன் நான். வாலியை மறைந்து நின்று கொன்றது முறையா என்று இரண்டு அணியும் பாட்டை எடுத்துப் போட்டு வாதாடும்போது, எதிரணி கேட்டதற்கு நேராகப் பதில் வந்தாக வேண்டும், நழுவினால் நடுவரும் விடமாட்டார், கூட்டமும் விடாது, கடைசியில் தீர்ப்பும் உண்டு. அதிபர் விவாதத்தில் அது கிடையாது. மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்துவிட்டுப் போகலாம். யார் ஜெயித்தார் என்பதை அப்புறம் ஸ்டுடியோவில் உட்கார்ந்திருப்பவர்கள் சொல்வார்கள்.

2012 அக்டோபர் 22, நமக்கு 23-ஆம் தேதி காலை. ஃப்ளோரிடாவில் ஒபாமாவும் ராம்னியும் மூன்றாவது விவாதத்தில். சான் பிரான்சிஸ்கோவில் ஜயன்ட்ஸுக்கும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கும் நேஷனல் லீக் சாம்பியன்ஷிப்பின் ஏழாவது, அதாவது கடைசி ஆட்டம், ஜெயித்தவர்கள் பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸுக்குப் போவார்கள். 3-1 என்று பின்தங்கிக் கிடந்த ஜயன்ட்ஸ் அடுத்த இரண்டையும் ஜெயித்து அங்கே வந்து நின்றார்கள். சித்தப்பா மகன் அப்போது அந்த ஊரில் இருந்தான். ஸ்கைப்பில் வந்து, “அண்ணே, எதை வைக்க, சொல்லுங்க” என்றான். மேட்ச்சை வையப்பா என்றேன், அவன் லேப்டாப்பை டிவிக்கு நேராகத் திருப்பி வைத்தான்.

மூன்றாவது இன்னிங்ஸ். ரன் எடுக்கச் சுற்றி வர வேண்டிய மூன்று பேஸிலும் ஜயன்ட்ஸ் ஆள் நிற்கிறார்கள். அவர்களுடைய ஹன்டர் பென்ஸ் அடித்த அடியில் மட்டை உடைந்தது, உடைந்த மட்டையே பந்தை மூன்று தடவை தொட்டிருக்கிறது, ஸ்லோமோஷனில் போட்டுக் காட்டிய பிறகுதான் அது தெரிந்தது. பந்து வளைந்து போக, இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் காவல் நிற்கிற ஷார்ட்ஸ்டாப் எதிர்ப்பக்கம் காலை வைத்துவிட்டார், பந்து அவரைத் தாண்டி ஓடிவிட்டது. இதை யார் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய முடியும்? அந்த நொடியில் பார்த்தவர்களுக்குத்தான் அது. ஜயன்ட்ஸ் 9-0 என்று ஜெயித்தார்கள், கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் கொட்டுகிற மழையில் அவர்களுடைய ஸ்குடாரோ கடைசிப் பந்தைப் பிடித்தார். வேர்ல்டு சீரிஸிலும் டெட்ராய்ட் அணியை 4-0 என்று துடைத்துவிட்டார்கள்.

விவாதம் எங்கும் போய்விடவில்லை. கடற்படையில் கப்பல் குறைந்துவிட்டது என்று ராம்னி சொன்னதற்கு, குதிரைகளும் துப்பாக்கி முனைக் கத்திகளும்கூடத்தான் குறைந்துவிட்டன என்று ஒபாமா கொடுத்த பதில் மத்தியானத்துக்குள் என்னிடம் வந்து சேர்ந்தது. எங்கள் மேடைக்குத் தகுந்த அடிதான், ஒப்புக்கொள்கிறேன். ராத்திரி உட்கார்ந்து முழு விவாதத்தையும் எழுத்தில் படித்தேன். ஓட்டு இருக்கிறவர்கள் கட்டாயம் அப்படிப் படிக்க வேண்டும், குரலும் சிரிப்பும் குறுக்கே வராமல் யார் எதற்குப் பதில் சொல்லவில்லை என்பது பளிச்சென்று தெரியும். வெளியுறவுக் கொள்கைக்கென்று வைத்த விவாதம் அது. இரண்டு பேரும் பள்ளிக்கூடம், ஆசிரியர் என்று உள்ளூர்க் கதைக்கே போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் நடுவர் யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே மணியை அடித்திருப்பார்.