கத்தியா, கதிரா: அம்மாவின் மூக்கில் வந்த தோல் புற்றுக்கு நாங்கள் எடுத்த முடிவு

தோலில் வரும் புற்றுநோய்களில் உலக அளவில் மிகப் பரவலாகக் காணப்படுவது பேசல் செல் கார்சினோமா. வெளிறிய தோல் உடையவர்களோடு ஒப்பிட்டால் நம்மிடையே அது குறைவு; வந்தாலும் பெரும்பாலும் கருமை படர்ந்தே இருப்பதால் பார்ப்பவர்கள் அதை மச்சம் என்றே சொல்லிவிடுகிறார்கள். என் அம்மாவுக்கு 64 வயதில் வலது மூக்கு மடலில், மூக்குத்தித் துளைக்குச் சற்றுக் கீழே அது வந்தது. நடுவில் சிறு குழியும், ஓரத்தில் முத்துப் போன்ற மினுமினுப்பும், அவ்வப்போது பொருக்கு உதிர்ந்து துளி ரத்தமும் இருந்தன. சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியதும் ஐயம் தீர்ந்தது.

இந்தப் புற்று உடலின் வேறு இடங்களுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் விட்டுவைத்தால் இருக்கும் இடத்திலேயே வேர்விட்டு, குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துக்கொண்டு போகும். எனவே உயிர் பிழைப்போமா என்ற அச்சம் இங்கே முதன்மையானதன்று. எந்த வழியில் போனால் அது திரும்பி வராது, வந்துவிட்டால் நம் கையில் என்ன மிஞ்சியிருக்கும் என்பவையே நாங்கள் கேட்க வேண்டியிருந்த கேள்விகள்.

அம்மாவுக்குக் கத்தி என்றாலே நடுக்கம். “கரண்ட் வைத்தாலே கரைந்துவிடுமாமே” என்று உறவினர் ஒருவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, கதிர்வீச்சே போதும் என்றார். அதில் நியாயம் இல்லாமலில்லை. 10 மில்லிமீட்டர் அகலமுள்ள கட்டியைச் சுற்றி, ஓரம் தெளிவான சிறிய கட்டிகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 4 மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுத்தால், 18 மில்லிமீட்டர் குழி விழும். கன்னத்தில் அது ஒரு பொருட்டன்று. மூக்கு மடலிலோ கிட்டத்தட்ட மடலே போய்விட்டது போலத்தான். கதிர்வீச்சில் வெட்டு இல்லை, தையல் இல்லை, எடுக்கும் நேரத்தில் வலியும் இல்லை. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் நான்கு வாரம் வந்து போக வேண்டும் என்று மருத்துவர் சொன்னார்.

என் மனத்தை மாற்றியது ஓர் ஆய்வு. பாரீஸ் நகருக்கு அருகிலுள்ள குஸ்தாவ் ரூசி புற்றுநோய் மையத்தைச் சேர்ந்தவர்கள், முகத்தில் 4 சென்டிமீட்டருக்கும் குறைவான இதே புற்று வந்த 347 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அறுவையும் மற்றவர்களுக்குக் கதிர்வீச்சும் அளித்து, முடிவை 1997-இல் வெளியிட்டார்கள். நான்கு ஆண்டுகளில் சிகிச்சை தோற்றுப்போனது அறுவைப் பிரிவில் 0.7 விழுக்காடு, கதிர்வீச்சுப் பிரிவில் 7.5 விழுக்காடு. தழும்பு நன்றாக ஆறியதாகக் கணிக்கப்பட்டவர்களும் அறுவைப் பிரிவில்தான் அதிகம்: 87 விழுக்காட்டுக்கு எதிராக 69. அன்றைய கதிர்வீச்சில் பாதிக்கு மேல் தோலுக்குள் கதிரிழைகளைச் செருகும் முறையாக இருந்ததால், இன்றைய கருவிகளோடு அந்த எண்ணை அப்படியே பொருத்திப் பார்ப்பது முறையாகாது. ஆயினும் அழகு கெடாமல் இருக்கக் கதிர்வீச்சே நல்லது என்ற பேச்சை நான் அதற்குப் பிறகு நம்பவில்லை. அறுவைத் தழும்பு மாதங்கள் செல்லச் செல்ல மங்கிக்கொண்டே வருகிறது; கதிர் பட்ட தோலோ ஆண்டுகள் செல்லச் செல்ல வெளுத்து, மெலிந்து, சிவந்த நுண்ணிய ரத்தக் குழாய்க் கோடுகள் தெரியத் தொடங்குகிறது.

இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. வெட்டி எடுத்த சதையை நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்து, ஓரங்களில் புற்று எட்டியிருக்கிறதா என்று எழுத்தில் தருகிறார். கதிர்வீச்சில் பரிசோதிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. காத்திருந்துதான் அறிய வேண்டும். கதிர் பட்ட இடத்தில் புற்று திரும்பினால், ஆறும் திறன் குறைந்த அந்தத் தோலில் அறுவை செய்வது கடினம். அதே இடத்தில் இன்னொரு முறை முழு அளவு கதிர் கொடுக்கவும் பொதுவாக முடியாது. அறுவைக்குப் பின் திரும்பினாலோ மறு அறுவையும் கதிர்வீச்சும் இரண்டுமே கையில் இருக்கும். அம்மாவின் அம்மா தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்தவர். இன்னும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் வாழப்போகிற முகத்துக்கு இதுவே எனக்கு முதல் கணக்காகப் பட்டது.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஃபிரெடெரிக் மோஸ் 1930-களில் தொடங்கிய முறையில், அடுக்கடுக்காகச் சீவி எடுத்து, ஒவ்வோர் அடுக்கின் ஓரத்தையும் அடிப்பகுதியையும் அங்கேயே முழுவதும் பார்த்து, புற்று தெரியும் பக்கத்தில் மட்டும் மேலும் எடுப்பார்கள். நெதர்லாந்தில் முகத்தில் முதன்முறையாக வந்த கட்டிகளைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, வழக்கமான அறுவையில் 12.2 விழுக்காடும் மோஸ் முறையில் 4.4 விழுக்காடும் திரும்பி வந்தன. நாங்கள் சென்ற மருத்துவமனையில் அந்த வசதி இல்லை. அதற்கு ஈடாக அறுவை மருத்துவர் ஒரு வழி சொன்னார்: முதல் நாள் கட்டியை எடுத்துவிட்டுக் குழியை மூடாமல் கட்டுப் போட்டு வைப்பது, ஓரங்கள் சுத்தம் என்ற அறிக்கை வந்த பிறகே கன்னத் தோலை நகர்த்தி மூடுவது. திறந்த புண்ணோடு காத்திருப்பது அம்மாவுக்குக் கொடுமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பக்கம் புற்று ஓரத்தைத் தொட்டிருப்பதாக அறிக்கை வந்தபோது, இன்னும் சிறிது எடுக்க அவிழ்க்கத் தையலே இல்லை. இந்தப் பொறுமைக்காக அந்த மருத்துவருக்கு நான் என்றும் நன்றி உடையவள்.

அம்மா மருத்துவரிடம் கேட்ட ஒரே கேள்வி மூக்குத்தியைப் பற்றியது. இடப்பக்கம் குத்திக்கொள்ளலாம், தடையில்லை என்றார் அவர்.

எல்லோருக்கும் அறுவையே சரி என்று சொல்ல மாட்டேன். என் பெரியப்பாவுக்கு 86 வயதில் நெற்றிப்பொட்டில் இதே புற்று அகலமாகப் படர்ந்தது. வெட்டினால் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டியிருந்திருக்கும். இதயமோ பலவீனம், அவருக்கும் அறுவையில் விருப்பமில்லை. வாரம் ஒருமுறை கூடுதல் அளவாகக் கதிர் கொடுத்தார்கள். இடம் சிவந்து, நீர் வடிந்து, பொருக்குக் கட்டி, பிறகு ஆறியது. இப்போது அங்கே வெளுத்த மெல்லிய தோல் இருக்கிறது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அவருக்கு அதுவே சரியான சிகிச்சை என்று முழுமனத்தோடு சொல்வேன். மாறாக, இளவயதிலேயே இத்தகைய கட்டிகள் பலவாக வரும் கோர்லின் எனும் பரம்பரை நோய் உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சே புதிய கட்டிகளைத் தூண்டிவிடும். அவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

சிகிச்சை எதுவானாலும் நோயியல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புற்று எந்த வகை, நரம்பை ஒட்டி ஓடியிருக்கிறதா, அறுவையானால் ஓரம் எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். அம்மாவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு அழைத்துச் செல்கிறோம். மூக்கோடு நில்லாமல் காதுமடல், உச்சந்தலை, இமை ஓரம் என்று முழுவதையும் மருத்துவர் பார்க்கிறார். ஒருமுறை வந்தவருக்கு வேறோர் இடத்தில் புதிதாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.