பேர் லவால் கல்லறைக்கு ஒரு ராத்திரி நடை

மொரீஷியசுக்கு வந்த புதிதில் அநேகமாக எல்லாரும் என்னிடம் கேட்ட கேள்வி: "நீ தமூலா, கிரேச்சியேனா?" தமிழா, கிறிஸ்தவளா என்று அர்த்தம். ரெண்டும்தான் என்றால் சிரிப்பார்கள். இங்கே தமிழ் என்பது மதத்தின் பெயராகவும் ஆகிவிட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் கேட்கும் இடத்தில் 'தமிழ்' என்று பதிகிறவர்கள் பல ஆயிரம் பேர். காரைக்காலில் மாதா கோயில் மணியோசை கேட்டு வளர்ந்தவள் நான். நான் தமிழச்சியா என்று ஒருவர் சந்தேகப்பட்டது அதுதான் முதல் தடவை.

கணவருக்கு இங்கே வேலை, எனக்கு இல்லை. ஊரில் கணக்கு டீச்சர். இங்கே ரோஸ்ஹில் ஊரில் சமையலறை ஜன்னலோரம். 'ஆண்டவரே, என்னை எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தீர்?' செபமாலைக்கு நடுவில் தினமும் இதே கேள்விதான்.

போன செப்டம்பர் 8 சாயங்காலம் மாடி வீட்டு அக்கா வந்து நின்றார். "பேர் லவாலுக்கு நடக்கப் போறேன் தங்கச்சி, வரியா?" லவால் என்ற அந்தக்காலத்துக் குருவின் கல்லறைக்கு. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர், நெற்றியில் திருநீறு. பேரனுக்கு உடம்பு தேறியதற்கு நேர்ச்சையாம். அன்று வேளாங்கண்ணி மாதா திருநாள் வேறு. சின்ன வயதில் அப்பாவோடு காரைக்காலிலிருந்து நடந்தே போயிருக்கிறேன். கால்களுக்கு அந்தத் தேதி மறக்கவில்லை போல.

போபாசாங் தாண்டி இறங்கினால் கொரோமாண்டல் என்று ஒரு ஊர். சோழமண்டலம்தான் ஐரோப்பியர் வாயில் அப்படித் திரிந்தது. அங்கே என் செருப்பு வார் அறுந்தது. அக்கா தன் பையிலிருந்து ஒரு ஊக்கை எடுத்துக் குத்திவிட்டார். முன்னாலும் பின்னாலும் கூட்டம்: இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பாட்டுப் பாடும் இளசுகள், பூங்கொத்தோடு கிழவிகள், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்ட தகப்பன்மார்.

இந்த லவால் நார்மண்டியில் டாக்டராக இருந்தவர். அதை விட்டுக் கத்தோலிக்கக் குருவாகி, 1841 செப்டம்பரில் இங்கே வந்து இறங்கினார். 1835-ல் அடிமை முறை ஒழிந்தது என்று சட்டம் சொன்னாலும், விடுதலையானவர்களை மனுஷராக மதிக்க ஆள் இல்லாத காலம். அவர் கிரியோல் கற்றுக்கொண்டு அவர்களிடம் போனார். அவர்களில் இருந்தே வேதம் சொல்லிக்கொடுக்க ஆட்களையும் எடுத்தார். நேற்றுவரை விலைக்கு விற்கப்பட்டவர்கள் மறைக்கல்வி ஆசிரியர்கள்! எனக்கு அவர் செய்ததிலேயே பெரிய அற்புதம் இதுதான். 23 வருஷம் இங்கேயே இருந்து, 1864 செப்டம்பர் 9-ல் கண்மூடினார். 1979-ல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவருக்கு அருளாளர் பட்டம் தந்தார், புனிதர் பட்டத்துக்கு முந்திய படி அது.

கல்லறை இருக்கும் செயின்ட் க்ருவா போய்ச் சேரும்போது நடுநிசி தாண்டிவிட்டது. கல்லறைக்குப் பெரிய வரிசை. என்ன கேட்பது என்று வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன்: வேலை, அம்மாவின் முழங்கால், எல்லாம். கல்லைத் தொட்டதும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. பிரெஞ்சில் 'பேர்' என்றால் தந்தை. நமக்கோ அது பெயர். அந்தச் சின்னக் குழப்பத்தில்தான் எசாயா ஆகமம் 43-ஆம் அதிகாரம் மனதுக்குள் வந்தது: ஆண்டவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு, நீ எனக்குச் சொந்தம் என்கிற இடம். நூறு தடவை கேட்ட வசனம். அன்றைக்கு என் பேரைச் சொன்னது போலிருந்தது, வீட்டில் கூப்பிடும் பேரை. அழுதேன். பின்னால் நின்ற சீனப் பெரியவர் அவசரப்படுத்தவில்லை.

அடுத்த ஞாயிறு பங்குச் சாமியாரிடம் போய், மறைக்கல்வி வகுப்புக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டுமாம். என் கிரியோலைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சரி, சிரிக்கட்டும்.

அந்த விடியற்காலை பஸ்சுக்கு நிற்கும்போது அக்கா கத்தோ பிமா வாங்கித் தந்தார். நம்ம பருப்பு வடையின் தங்கச்சி. சூடாகக் கடித்துக்கொண்டே கேட்டார்: "தைப்பூசத்துக்கு நீ எங்கூட வருவியா?"

கொஞ்சம் யோசித்தேன். "காவடி எடுக்க மாட்டேன் அக்கா. கூட நடந்து வர்றேன், தண்ணி தூக்கிட்டு வர்றேன்."

"அது போதும்," என்றார். "தண்ணிதான் ரொம்பக் கனம்."