பெயர் ஒன்று, பொருள் இரண்டு: உலக உயிரினப் பட்டியல் சிக்கிக்கொள்ளும் இடங்கள்

அறியப்பட்ட உயிரினங்களையெல்லாம் ஒரே பட்டியலில் சேர்க்கும் வேலையில் பெயர் திரட்டுவதுதான் எளிய பகுதி. ஸ்பீசீஸ் 2000, ஐடிஐஎஸ் என்ற இரண்டு உயிரினப் பட்டியல் அமைப்புகளும் சேர்ந்து 2001இல் தொடங்கிய 'கேட்டலாக் ஆஃப் லைஃப்' இன்று 20 லட்சம் சிற்றினங்களைத் தாண்டிவிட்டது. சிலந்திக்கு ஒன்று, கடல்வாழ் உயிரிகளுக்கு ஒன்று என்று நிபுணர்கள் பராமரிக்கும் தனிப் பட்டியல்களை இணைத்தே அது உருவாகிறது. அந்த இணைப்பில்தான் எல்லாம் உடைகிறது.

பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் பெயர், அதை வைத்த ஆசிரியர், வைத்த ஆண்டு, தரநிலை (சிற்றினமா, பேரினமா என்பது), ஏற்கப்பட்ட பெயரா இணைப்பெயரா (அதே உயிரினத்துக்கு உள்ள, ஏற்கப்படாத வேறு பெயரா) என்ற குறிப்பு, மேல்நிலை வகையின் அடையாள எண், மூலம் ஆகியவை தனித்தனிக் கட்டங்களில் இருக்கவேண்டும். ஆசிரியரைப் பெயரோடு ஒட்டி ஒரே கட்டத்தில் போடாதீர்கள். 1758இல் லின்னேயஸ் சிங்கத்துக்கு வைத்த பெயர் ஃபெலிஸ் லியோ. இப்போது பாந்தெரா லியோ. பெயரின் முதல் சொல்லான பேரினம் மாறிவிட்டதால் லின்னேயஸும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் போகும். 'சுத்தம் செய்கிறேன்' என்று நிரல் அந்தக் குறியை நீக்கினால், பேரினம் மாறிய தகவலும் கூடவே போய்விடும்.

இணைப்பெயர் எப்போதும் ஏற்கப்பட்ட பெயரையே நேராகச் சுட்டவேண்டும். இன்னொரு இணைப்பெயரைச் சுட்டினால் சங்கிலி நீளும். சில சமயம் வட்டமாகிவிடும். ஒவ்வொரு தரவு இறக்குமதிக்குப் பிறகும் இதைச் சோதியுங்கள்.

விலங்குகளுக்கும் தாவரங்களுக்கும் பெயரிடல் விதிகள் வேறு வேறு. அதனால் மோரஸ் என்பது மல்பெரியின் பேரினம், கேனட் கடற்பறவையின் பேரினமும்கூட. இரண்டும் செல்லும். விலங்குலகமா தாவர உலகமா என்று பார்க்காமல் பெயரை மட்டும் வைத்துப் பொருத்தினால் மரக்கிளையில் பறவைக் குடும்பம் முளைக்கும்.

இவற்றையெல்லாம் நிரலால் பிடித்துவிடலாம். பிடிபடாதது சிற்றினம் பிளவுபடுவது. ஆப்பிரிக்க யானை வெகுகாலம் ஒரே சிற்றினம், லாக்சோடோன்டா ஆஃப்ரிகானா. பிறகு அடர்காட்டில் வாழும் யானை லாக்சோடோன்டா சைக்ளோடிஸ் எனத் தனியானது. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பான ஐயுசிஎன் 2021இல் இரண்டையும் தனித்தனியாக மதிப்பிட்டது. புல்வெளி யானை பழைய பெயரிலேயே இருக்கிறது, பொருள்தான் சுருங்கிவிட்டது. பழைய பதிவிலுள்ள ஆஃப்ரிகானா எந்த யானை என்பதைப் பெயர் சொல்லாது. இடமும் மூலமும் இருந்தால்தான் பிரிக்கமுடியும். ஆகவே அடையாள எண்ணைப் பெயருக்கு மட்டும் கொடுத்தால் போதாது, யாருடைய வரையறைப்படி என்பதற்கும் ஓர் எண் வேண்டும். பிளவு நேரும்போது பழைய வரையறையின் எண்ணை அழிக்காமல், புதிய இரண்டையும் சுட்டும்படி விட்டுவையுங்கள்.