பல்லைப் பார்த்தால் தெரியும்

போன மாதம் ஒரு குடும்பம் பழுப்பு நிற நாய்க்குட்டி ஒன்றை கால்நடை மருத்துவரான என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தது. இணைய விளம்பரம் பார்த்து வாங்கி நாலு நாள்தான் ஆகிறதாம். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, ரத்தமாகப் போகிறது. குட்டியின் பாஸ்போர்ட்டை, அதாவது வளர்ப்புப் பிராணிக்கான பயண ஆவணத்தை, நீட்டினார்கள். வெளிநாட்டில் பிறந்தது, வயது 16 வாரம், ரேபிஸ் தடுப்பூசி போட்டாயிற்று என்று முத்திரையோடு இருந்தது.

உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். முன்பற்கள் எல்லாமே பால்பற்கள், ஊசி முனைபோல. 16 வாரக் குட்டிக்கு அவை விழ ஆரம்பித்திருக்கும். இதற்கு எட்டு வாரம் இருந்தாலே அதிகம். தாய் மடியில் கிடக்க வேண்டியதை வண்டியில் அடைத்து எல்லை தாண்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஏன் 16 என்று எழுதினார்கள்? ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விதிப்படி ரேபிஸ் ஊசியை 12 வாரத்துக்கு முன் போடக் கூடாது, போட்டபின் 21 நாள் காத்திருக்க வேண்டும். ஆக, 15 வாரம் ஆகாமல் எல்லை தாண்ட முடியாது. ஆனால் குட்டி விலைபோவது அதன் சின்ன உருவத்துக்காக. அதனால் வயதைத் தாளில் மட்டும் கூட்டிவிடுகிறார்கள். ஊசி உண்மையிலேயே போட்டார்களா என்பது யாருக்குத் தெரியும்? ரேபிஸ் உடலுக்குள் மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கும். தெரிந்தபின் நாயையும் காப்பாற்ற முடியாது, அது கடித்த மனிதருக்கு அறிகுறி வந்துவிட்டால் அவரையும் அநேகமாகக் காப்பாற்ற முடியாது.

பரிசோதனையில், நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் என்று வந்தது. அது தொற்றி அறிகுறி தெரிவதற்குப் பொதுவாக மூன்று முதல் ஏழு நாள் ஆகும். அப்படியானால், கைமாறும்போதே குட்டிக்கு நோய் இருந்திருக்கிறது. மூன்றாம் நாள் விடியற்காலை இறந்துவிட்டது.

அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் 1 முதல் ஆறு மாதம் நிரம்பாத நாயை உள்ளே விடுவதில்லை. எல்லா நாடுகளும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 12 வாரமா 15 வாரமா என்று சோதனைச்சாவடியில் நிற்பவரால் சொல்ல முடியாது. ஆறு மாத நாய்க்கோ பால்பல் அநேகமாக எல்லாம் விழுந்து, பெரிய கோரைப்பல் வந்திருக்கும். வாயைத் திறந்து பார்த்தாலே போதும், எந்த முத்திரையும் அங்கே செல்லாது.

வாங்குகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: தாய் நாயோடு சேர்த்துக் குட்டியைக் காட்டச் சொல்லுங்கள். சாக்குச் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள். அந்தக் குட்டி பாவம் என்று வாங்கினால், அடுத்த வண்டிக்கு நாம்தான் பணம் கட்டுகிறோம்.

அந்தக் குடும்பம் விளம்பரத்தையும் விற்றவரின் தொலைபேசி எண்ணையும் அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டது. நான் பல்லின் படத்தையும் குட்டியின் தோலுக்கடியில் இருந்த அடையாள மைக்ரோசிப்பின் 15 இலக்க எண்ணையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.