காத்து வந்தா நாங்க இறங்கணும்

மேட்டூர்ல கரி எரிச்சு கரண்டு எடுக்குற அனல் மின் நிலையத்துல ஷிப்ட் பாத்து ரிட்டயர் ஆனவன் நான். அங்க பழைய யூனிட் நாலும் தலா 210 மெகாவாட், 1987ல இருந்து 90க்குள்ள வந்தது, ஃபுல் லோடுல ஏத்திட்டு அப்படியே ஓடட்டும்னு டிசைன் பண்ணது. எங்கள அசைக்கிறது அப்பல்லாம் ஆனி ஆடி காத்து மட்டும்தான். ஆரல்வாய்மொழி, பாலக்காட்டு கணவாய் பக்கம் காத்தாடி நல்லா சுத்த ஆரம்பிச்சா எந்த நிலையம் எவ்வளவு கரண்டு குடுக்கணும்னு சொல்ற சென்னை லோடு டெஸ்பாட்ச் சென்டர்ல இருந்து போன் வந்துரும், "சார், லோடு இறக்குங்க, உற்பத்தியக் கொறைங்க". காத்து, சோலார் ரெண்டுக்கும் மஸ்ட் ரன் அந்தஸ்து, அதாவது வர்ற கரண்ட எடுத்தே ஆகணும், மொத்த மின் கட்டமைப்பான கிரிட்டுக்கே ஆபத்துன்னா தவிர நிறுத்தக் கூடாது. சும்மா கிடைக்கிற காத்த விட்டுட்டு ஒடிசால இருந்து வர்ற கரிய எரிக்கிறது கிறுக்குத்தனம், அதனால அந்த விதியோட எனக்கு சண்டையே இல்ல.

ஆனா பாய்லர கேஸ் அடுப்பு மாதிரி சிம்ல வைக்க முடியாதுங்க. ஒரு அளவுக்கு கீழ போனா உள்ள நெருப்பு நிக்காது, எண்ணெய பீச்சி எரிக்கிற ஆயில் கன் போட்டு தாங்கணும், கரி அரைக்கிற மில்ல ஒண்ணொண்ணா கட் பண்ணணும், பாய்லர் டிரம்ல தண்ணி லெவல் ஆடும், ஒரு கண்ணு அதுல இன்னொரு கண்ணு கிரிட் ஃப்ரீக்வன்சில, அது 49.90க்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் நடுவுல இருக்கணும். சூடாகி ஆறி திரும்ப சூடாகி ட்யூப் சீக்கிரம் சோர்ந்துரும், எந்த அனல் நிலையத்துல கேட்டாலும் இதத்தான் சொல்லுவாங்க.

காத்தாவது சீசனோட போயிரும். சோலார் அப்படி இல்ல, தினமும் மத்தியானம் இறங்கணும், சாயந்திரம் வெயில் போற நேரம் பாத்து ஊரே லைட்டு ஃபேனு போடும்போது மளமளன்னு ஏறணும். 2023ல மத்திய மின்சார ஆணையம் (சிஇஏ) போட்ட விதிப்படி கரி யூனிட்டு படிப்படியா 40 சதவீதம் வரைக்கும் இறங்கி ஓடப் பழகணுமாம், 210க்கு கணக்குப் போட்டா 84 மெகாவாட். புது யூனிட் ஓட்டிரும். கிழட்டு யூனிட்ட அதுல நிக்க வைக்கிற செலவ யார் தலைல கட்டுறதுங்கறதுதான் கேள்வி, 2030க்குள்ள கரி, கேஸ் எரிக்காம 500 ஜிகாவாட்டுன்னு மேடைல சொல்றவங்க இதத் தொடறதே இல்ல.

பக்கத்துலயே டேம் இருக்கே, டர்பைன் நிமிஷத்துல எந்திரிக்குமேன்னு கேக்குறாங்க. மேட்டூர் தண்ணி டெல்டா பாசனத்துக்கு, வழக்கமா ஜூன் 12 தொறக்குறது, அது போற வழில கரண்டு எடுத்துக்கலாம், கரண்டுக்காக தொறன்னு சொல்ல முடியாது. பகல்ல தண்ணிய மேல ஏத்தி சாயந்திரம் விடுற மாதிரி நீலகிரி குந்தால 500 மெகாவாட்டுக்கு திட்டம் போட்டாங்க பாருங்க, அந்த மாதிரி இன்னும் நாலஞ்சு வேணும், பேட்டரியும் வேணும், பேனலுக்கு குடுக்குற அவசரத்த இதுக்கும் குடுக்கணும்.

எங்க தெருவுல தறி வெச்சிருக்கிற அண்ணன் ஒருத்தர் மாடில 3 கிலோவாட்டு சோலார் போட்டிருக்காரு, 78,000 ரூபா மானியம் வந்த குஷி வேற. "பகல்ல நான் ஈபிக்கு குடுத்தத ராத்திரி திரும்ப எடுத்துக்குறேன், கணக்கு நேராயிருச்சுங்க"ன்னாரு. மீட்டர்ல நேராயிருச்சுண்ணே, நீங்க குடுத்தது அப்பவே பக்கத்து பட்டறைல ஓடித் தீந்துருச்சு, ராத்திரி உங்க ஏசிக்கு யாரோ ஒரு பையன் எங்கயோ ஆயில் கன் போட்டு லோடு ஏத்திட்டு இருப்பான்னேன். "அப்ப பேட்டரி என்ன வெல?"ன்னு கேட்டாரு.